நுரை பொங்கினால் போதுமா? அளவு வேண்டாமா?
கார் கழுவும் நம்மவர்களுக்கு ஒரு சோப்புக் கணக்கு

- நமது மும்பை நிருபர்

காலை 5 மணி. மும்பை இன்னும் முழுதாக விடியவில்லை. ஆனால் அடுக்குமாடிக் கட்டிடங்களின் கீழே வாளிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

கார் கழுவுகிறவர்கள் வந்துவிட்டார்கள்!

முதலாளி 9 மணிக்கு இறங்கி வருமுன் வண்டி பளபளவென்று நிற்க வேண்டும். ஒருவருக்கு 10 வண்டி, 15 வண்டி என்று கணக்கு. இந்தத் தொழிலில் பல மாநிலத்தாரும் இருக்கிறார்கள். தாராவி, சயான், ஆண்டாப்ஹில் பக்கத்திலிருந்து போகும் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'.

ஒரு நாள் நான் ரெயில்வே பார்சல் ஆபீசில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பினேன். காலை 8 மணி. அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பது அபூர்வம்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு வேலைக்குப் போகலியா?"

"ஒரு சொசைட்டி கை விட்டுப் போச்சு தம்பி. ஆறு வண்டி. ஒரே நாள்ல போச்சு" என்றார்.

நடந்தது இதுதான்.

எல்லோரும் நுரை அடித்து வண்டி கழுவுகிறார்களே என்று அண்ணாச்சி ஏலச்சீட்டை எடுத்து ஒரு பிரஷர் மெஷின் வாங்கினார். கூடவே 'ஃபோம் கன்' என்னும் நுரைத் துப்பாக்கி. 5 லிட்டர் கேனில் கார் ஷாம்பு. வண்டி ஒன்றுக்கு ஒரு டம்ளர் ஷாம்பு ஊற்றினார். நுரை மலை போலக் குவிந்தது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

25 வண்டியில் கேன் காலி!

அடுத்த கேன் வாங்கக் கையில் பணம் இல்லை. "எல்லாம் சோப்புதானே" என்று துணி துவைக்கும் தூளை இரண்டு கை அள்ளிக் கரைத்தார். ஒரு கறுப்புக் காருக்கு அடித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை தொடங்கியதே 11 மணிக்கு. நல்ல வெயில். இடையில் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் வந்து கழுவி முடித்தபோது கறுப்பு வண்டியின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடு. துடைத்தும் போகவில்லை. ஜன்னல் ஓரத்து ரப்பர் வெளுத்துக் கிடந்தது.

முதலாளி கத்தினார். செக்ரட்டரி வந்தார். "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"நுரை நல்லாத்தான் வந்துச்சு தம்பி. பால் பொங்கின மாதிரி பொங்குச்சு. பொறவு ஏன் இப்படி ஆச்சு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். கார் பெயிண்ட் அடிக்கும் ஒர்க்ஷாப் மேஸ்திரி ஒருவரையும், ரசாயனப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரையும் பார்த்து விசாரித்தேன். ஷாம்பு கேனில் அச்சிட்டிருந்ததையும் வரி விடாமல் படித்தேன். கிடைத்த விவரத்தை மற்ற நம்மவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நுரை என்ன செய்கிறது?

முதலில் ஒரு உண்மை. அழுக்கை எடுப்பது நுரை அல்ல; சோப்பு கலந்த தண்ணீர்தான்.

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எண்ணெய் அழுக்கைக் கவ்விக்கொள்ள, தலைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடும்போது அழுக்கும் கூடவே போய்விடும்.

அப்படியானால் நுரை எதற்கு?

கார்க் கதவு செங்குத்தாக நிற்கிறது. வெறும் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் கீழே ஓடிவிடும். நுரையாக அடித்தால் சில நிமிடம் ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் காய்ந்த சேறும் தூசியும் ஊறிப் போகும். பிறகு துணி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மணல் தேய்த்துக் கீறல் விழுவது குறையும். நுரையால் வரும் லாபம் அவ்வளவுதான்.

ஆகவே நுரை மலையாகக் குவிய வேண்டியதில்லை. மூன்று முதல் ஐந்து நிமிடம் வண்டி மேல் நின்று, மெல்ல வழிந்தால் போதும்.

சோப்பைக் கூட்டிக்கொண்டே போனால் வேலையும் கூடுமா? கூடாது. ஓரளவுக்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீரின் நனைக்கும் சக்தி அதற்குமேல் ஏறுவதில்லை என்கிறார் ரசாயன ஆசிரியர். மிஞ்சியதைக் கழுவித் தள்ளக் கூடுதல் தண்ணீர்தான் வேண்டியிருக்கும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். பெயர் ஆக்னஸ் பொக்கெல்ஸ். ஜெர்மனியில் வாழ்ந்தவர். கல்லூரிப் படி ஏறாதவர். வீட்டு வேலையோடு வேலையாக, சமையலறையில் தாமே செய்துகொண்ட தொட்டியில், எண்ணெய்ப் பசை போன்ற அழுக்கு சேர்ந்தால் நீரின் மேற்பரப்பு என்ன ஆகிறது என்று அளந்து அளந்து பார்த்தார். கண்டதை இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். 1891-ல் அது 'நேச்சர்' என்ற விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. பட்டம் இல்லாவிட்டாலும் அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம் வாளி தூக்கும் நமக்கும் வரலாம்.

துணி சோப்பு ஏன் கூடாது?

துணி துவைக்கும் தூளில் சலவைச் சோடா போன்ற காரப் பொருள் கலந்திருக்கும். துணியில் ஏறிய வியர்வை, எண்ணெய்ப் பிசுக்குக்கு அது வேண்டும். காருக்கு வேண்டாம்.

காரின் பெயிண்டுக்கு மேல் கண்ணாடி போல ஒரு மேல்பூச்சு உண்டு. அதற்கும் மேலே சிலர் மெழுகுப் பாலிஷ் போட்டிருப்பார்கள். காரம் கூடிய சோப்பு அந்த மெழுகை எடுத்துவிடும். ரப்பரும் கறுப்புப் பிளாஸ்டிக்கும் வெளுக்கும். அலுமினியச் சக்கரமும் மங்கும். தூள் சரியாகக் கரையாமல் இருந்தால் அந்தக் குறுணையே உப்புத்தாள் போலக் கீறும்.

பாத்திரம் துலக்கும் திரவமும் அடிக்கடி போட ஏற்றதல்ல. எண்ணெயை எடுப்பதற்கென்றே செய்தது அது. மெழுகையும் விட்டு வைக்காது.

கார் ஷாம்பு பெரும்பாலும் காரமும் இல்லாமல் அமிலமும் இல்லாமல் நடுநிலையில் இருக்கும்படி செய்யப்படுகிறது. விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் அளந்து ஊற்றினால் வண்டி ஒன்றுக்கு ஆகும் செலவு குறைவுதான். கீழே கணக்கைப் பாருங்கள்.

மூன்று கருவி, மூன்று அளவு

இங்கேதான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள். ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் அப்படியே பிடித்துக்கொள்கிறார். அவர் வைத்திருக்கும் கருவி வேறு. இவர் வைத்திருக்கும் கருவி வேறு.

வாளி: 10 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 50 மி.லி. ஷாம்பு. அதற்கு மேல் தேவை இருப்பதில்லை.

கையால் காற்றடிக்கும் நுரை ஸ்பிரேயர்: 2 லிட்டர் டப்பாவில் 1½ லிட்டர்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். மீதி இடம் காற்றுக்கு. 30 மி.லி. ஷாம்புவில் தொடங்கிப் பார்க்கலாம். இதில் நீங்கள் கலந்தது எதுவோ, அதுவேதான் வண்டி மேல் விழும்.

பிரஷர் மெஷினில் மாட்டும் நுரைத் துப்பாக்கி: 1 லிட்டர் பாட்டிலில் 50 முதல் 100 மி.லி. ஷாம்பு, மீதி தண்ணீர். வாளிக்குச் சொன்னதைவிட இது மிகவும் கெட்டியாகத் தோன்றும். பயப்பட வேண்டாம். பாட்டிலில் இருப்பதை மெஷின் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் மேலும் பல மடங்கு நீர்க்க வைத்துத்தான் வெளியே தள்ளுகிறது.

பாட்டில் அளவை வாளிக்குப் போட்டால் சோப்பு வீண். வாளி அளவைப் பாட்டிலுக்குப் போட்டால் நுரையே வராது.

இவை பொதுவான அளவுகள். உங்கள் ஷாம்பு கேனில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கெட்டி மாறும்.

டிரம் சோதனை

மெஷின் எத்தனை மடங்கு நீர்க்க வைக்கிறது? எல்லா மெஷினும் ஒன்றல்ல. ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். காசு செலவில்லை.

துப்பாக்கியின் பாட்டிலில் ஷாம்பு இல்லாமல் வெறும் தண்ணீர் 1 லிட்டர் நிரப்புங்கள். மெஷினை ஓட்டி, ஒரு காலி டிரம்முக்குள் அடியுங்கள். பாட்டில் காலியானதும் நிறுத்துங்கள். டிரம்மில் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

அண்ணாச்சியின் மெஷினில் நானும் அவரும் சேர்ந்து செய்து பார்த்தோம். டிரம்மில் 10 லிட்டர் இருந்தது. அதாவது பாட்டிலில் இருந்த 1 லிட்டரோடு மெஷின் 9 லிட்டரைச் சேர்த்திருக்கிறது.

இப்போது கணக்கு சுலபம். பாட்டிலில் 100 மி.லி. ஷாம்பு ஊற்றினால், வண்டி மேல் விழும் 10 லிட்டரில் 100 மி.லி. இருக்கும். நூற்றுக்கு ஒன்று. 50 மி.லி. ஊற்றினால் இருநூற்றுக்கு ஒன்று.

அண்ணாச்சி ஊற்றிக் கொண்டிருந்தது ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. ஐம்பதுக்கு ஒன்று! சாதாரணத் தூசி வண்டிக்கு அவ்வளவு எதற்கு? 50 மி.லி.யில் அடித்துப் பார்த்தோம். நுரை நான்கு நிமிடம் நின்றது. வண்டியும் சுத்தமாயிற்று.

துப்பாக்கியின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் இழுக்கும் அளவு மாறிவிடும். ஆகையால் சோதனையின்போது திருகு எங்கே இருந்ததோ, அங்கே ஒரு அடையாளம் போட்டு வையுங்கள்.

ரூபாய்க் கணக்கு

அண்ணாச்சி 5 லிட்டர் கேனை 1,000 ரூபாய்க்கு வாங்கினார்.

வண்டிக்கு 200 மி.லி. ஊற்றினால் 25 வண்டி. ஒரு வண்டிக்குச் சோப்புச் செலவு 40 ரூபாய்.

50 மி.லி. ஊற்றினால் 100 வண்டி. ஒரு வண்டிக்கு 10 ரூபாய்.

ஒரு கேனுக்கு 75 வண்டி வித்தியாசம்! அந்த டம்ளரை மட்டும் முதல் நாளே மாற்றியிருந்தால், துணி சோப்புத் தூளுக்குப் போக வேண்டிய நிலையே வந்திருக்காது.

எங்கள் பார்சல் ஆபீசில் எடை போடாமல் ஒரு மூட்டையும் வாங்குவதில்லை. கண்ணால் பார்த்து 'இருபது கிலோ இருக்கும்' என்று எழுத முடியாது. சோப்புக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

'1:10' என்றால் என்ன?

ஷாம்பு கேனில் இப்படி அச்சிட்டிருப்பார்கள். ஒரு பங்கு ஷாம்பு, பத்துப் பங்கு தண்ணீர் என்று பொருள். மொத்தம் 11 பங்கு. 1 லிட்டர் வேண்டுமானால் 1000-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 91 மி.லி.

10-ஆல் வகுத்து 100 மி.லி. ஊற்றினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் '1:3' என்று போட்டிருந்தால் மொத்தம் 4 பங்கு, 250 மி.லி.தான். 3-ஆல் வகுத்தால் 333 மி.லி. என்று வந்துவிடும். மூன்று பங்குத் தண்ணீர் என்று சொன்னதை மொத்தமே மூன்று பங்கு என்று எடுத்துக்கொள்வதால் வரும் தவறு இது.

அளக்க என்ன செய்வது? இருமல் மருந்துப் பாட்டிலோடு வரும் சிறு மூடியில் மி.லி. கோடு இருக்கும். பழைய பால் பாட்டிலிலும் இருக்கும். ஒரு முறை ஷாம்புவுக்கு எடுத்ததை மறுபடி மருந்துக்கோ பாலுக்கோ எடுக்கவே கூடாது. அதுபோல, மிச்ச ஷாம்புவைக் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

கலக்கும் முறை

பாட்டிலுக்கு முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பு. ஷாம்புவை முதலில் ஊற்றிவிட்டு மேலே குழாயைத் திறந்தால் பாட்டில் முழுதும் நுரை ஏறிவிடும். தண்ணீர் எவ்வளவு என்றே தெரியாது. ஊற்றியபின் மூடி, இரண்டு மூன்று முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். உலுக்க வேண்டாம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஊரில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. திரி திரியாகப் பிரியும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். கார் ஷாம்பு அவ்வளவு திரியாது என்றாலும் நுரை குறையும்.

மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது பாட்சா, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, விஹார், துளசி ஆகிய 7 ஏரிகளின் தண்ணீர். அதில் நுரை நன்றாக வரும். ஆனால் பல சொசைட்டிகளில் வண்டி கழுவப் போர்வெல் தண்ணீர்தான் கொடுப்பார்கள். அதில் ஷாம்புவைச் சிறிது கூட்டலாம். முக்கியமாக, கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால் தண்ணீரில் இருக்கும் உப்பு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும்.

வெயிலில் வேண்டாம்

அண்ணாச்சியின் கறுப்பு வண்டியில் கோடு விழுந்ததற்குத் தூள் ஒரு காரணம். வெயில் இன்னொரு காரணம். சுட்டுக் கிடக்கும் தகட்டில் சோப்புத் தண்ணீர் விழுந்தால் நொடியில் காய்ந்து படிந்துவிடும். காலை வேளை அல்லது நிழல்தான் சரி. குழாயை நம்பி நுரை அடிக்காதீர்கள். கழுவித் தள்ளும் தண்ணீரை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அடியுங்கள்.

முதலில் வெறும் தண்ணீரால் தூசியைக் கழுவித் தள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் கட்டிட வேலை நடக்கும் ஊர் இது. சிமெண்ட் தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும். பிறகு நுரை. மூன்று நான்கு நிமிடம் பொறுத்து, மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் சோப்புத் தண்ணீர். மற்றதில் வெறும் தண்ணீர். துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே சோப்பில் முக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி.

அளவு குறைந்தால் தண்ணீரும் மிச்சம். சிறு பிரஷர் மெஷின்கள் பலவற்றில் மணிக்கு 300, 400 லிட்டர் என்று எழுதியிருக்கும். அதாவது நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர். கூடிய நுரையைத் தள்ள ஐந்து நிமிடம் அதிகம் ஓடினால் மூன்று வாளித் தண்ணீர் போகும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஏரி மட்டம் இறங்கினால் தண்ணீர் வெட்டு என்பது மும்பைக்கும் புதிதல்ல. தண்ணீர் இல்லாத நாளில் முதலில் நிறுத்தப்படுவது கார் கழுவும் வேலைதான்.

உங்கள் கைகள்

வண்டியின் பளபளப்பைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. கழுவுகிறவர் கையையும் பார்க்க வேண்டும்.

மெழுகை எடுக்கும் சோப்பு, தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். விரல் இடுக்கு வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுநாள் சோப்புப் பட்டால் எரியும். ரப்பர்க் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

மெஷினுக்கு எர்த் உள்ள மூன்று முள் பிளக்கையே பயன்படுத்துங்கள். ஈரத் தரையில் ஒட்டுப் போட்ட ஒயரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உயிருக்கு ஆபத்து.

இப்போது அண்ணாச்சி

அண்ணாச்சி படித்தது நான்காம் வகுப்பு. மி.லி. கணக்கு அவருக்கு மனதில் நிற்கவில்லை. நான் இரண்டு முறை சொல்லிக் கொடுத்தும், "தம்பி, ஒரு டம்ளர்னா எனக்குப் புரியும். ஐம்பதுன்னா எங்க போய்ப் பாக்க?" என்றார்.

பள்ளிக்கூடம் போகும் அவருடைய மகள்தான் வழி கண்டுபிடித்தாள். நகப்பாலிஷை எடுத்து, நுரைத் துப்பாக்கிப் பாட்டிலின் மேல் இரண்டு சிவப்புக் கோடு போட்டாள். "தண்ணி இந்தக் கோடு வரைக்கும். அப்புறம் ஷாம்பு இந்தக் கோடு வரைக்கும். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது அப்பா!"

அவ்வளவுதான். அதன் பிறகு கேன் சீக்கிரம் காலியாகவில்லை. துணி சோப்புத் தூள் பக்கமும் அவர் போகவில்லை. விரல் வெடிப்பும் ஆறி வருகிறது.

கைவிட்டுப் போன அந்த சொசைட்டி திரும்பக் கூப்பிடவில்லை. ஆறு வண்டியும் போனது போனதுதான். வேறு ஒரு கட்டிடத்தில் இரண்டு வண்டி புதிதாகக் கிடைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று கறுப்பு.

"பயமா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதான் கோடு இருக்கே தம்பி" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.